கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பூச்சி

கதவு மூடிக்கொண்டது. மூடும்போது அது சத்தமே போடாது என்பதுதான் செண்பகவல்லிக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அவ்வளவு கனமான கதவு, உள்ளே ஈயத்தகடு வைத்து அடைத்த கதவு, ஒரு முனகலாவது முனக வேண்டாமா? சும்மா நகர்ந்து வந்து சுவரோடு சுவராகப் பொருந்திவிடுகிறது. மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. அவ்வளவுதான், பிள்ளை அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். கதிர்வீச்சு கொடுக்கிற ரூபன் தம்பி கதவு பொருந்துவதற்குள் வேகமாக வெளியே வந்து, "கொஞ்ச நேரம்தான் டீச்சர்" என்று தினமும் சொல்வதையே சொல்லிவிட்டு, டிவி பெட்டிகள் இருக்கிற தன் அறைக்குள் போய்விட்டான். வேகமாகத்தான் வருவான். ஓடி வருகிறான் என்று சொல்ல முடியாது, ஆனால் மகள் வதனி அப்படித்தான் சொல்கிறாள். "எல்லாரும் ஓடிப் போயிடுறீங்க." இன்று காலையில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்திருந்த அறையில், மிச்சமிருந்த அவள் முடியைச் செண்பகவல்லி சீப்பு படாமல் கையாலேயே கோதிவிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள். "எல்லாரும் ஓடிப் போயிடுறீங்க. அது மட்டும் போகல. என்கூடவே இருக்கு." எது என்று கேட்டதற்கு, பூச்சி என்றாள். கட்டிலில் படுக்க வைத்து முகத்தின் மேல் அந்த வலை முகமூடியை அழுத்தித் திருகிவிட்ட பிறகு தலையைத் திருப்ப முடியாது, கண்ணுக்கு மட்டும் வெட்டி விட்டிருக்கிறார்கள், கண்ணைத் திறந்தால் கூரைதான். கூரையில் விளக்கின் ஓரத்தில் ஒரு பூச்சி. பழுப்பாக, சின்னதாக, மீசை வைத்தது. நேற்றும் இருந்ததாம். முந்தாநாளும். "அதுக்கும் கரண்டு படும்லம்மா? செத்துராதா?" கரண்டு என்றால் கதிர், அவள் அப்படித்தான் சொல்வாள். சாகாது என்று செண்பகவல்லியின் வாயிலிருந்து உடனே வந்துவிட்டது, விலங்கியல் டீச்சரின் வாய், கேட்டதும் பதில் சொல்லிப் பழகிய வாய். "ஏன் சாகாது?" என்று வதனி திரும்பிப் பார்த்தாள். செண்பகவல்லி தட்டை அவள் பக்கம் தள்ளினாள். அப்புறம் சொல்றேன், இட்லி ஆறுது, சாப்பிடு, என்றாள்.

அப்புறம் என்றால் எப்போது? இந்த நீள பெஞ்சில் உட்கார்ந்து சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிற இந்த நேரத்துக்குள் ஒரு பதிலைத் தயார் பண்ணியாக வேண்டும். வதனி மறக்கிற பிள்ளை இல்லை. மறக்கிற பிள்ளை இல்லை, இதுவரைக்கும் இல்லை, என்று நினைத்ததும் மனசு வேறு பக்கம் சறுக்கப் பார்த்தது, அதை இழுத்துப் பிடித்தாள். பூச்சி. பூச்சியைப் பற்றி யோசி. கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புக்குக் கணுக்காலிகள் நடத்துகிற வாரத்தில் வருஷம் தவறாமல் ஒருத்தி எழுந்து நின்று கேட்பாள், அணுகுண்டு போட்டா கரப்பான் பூச்சி மட்டும் சாகாதாமே டீச்சர், நிஜமா? செண்பகவல்லி சாக்பீசைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். குண்டு விழுந்த இடத்துல நீயும் சாம்பல், நானும் சாம்பல், கரப்பானும் சாம்பல், அந்தச் சூட்டுக்கும் வெடிக்கும் முன்னால மீசையெல்லாம் ஒண்ணும் பண்ணாது என்பாள். வகுப்பு சிரிக்கும். ஆனா தள்ளியிருந்து, வெறும் கதிர் மட்டும் பட்டா, அது கதை வேற. மனுஷனைக் கொல்ற கதிரைப் போலப் பத்து மடங்கு பட்டாலும் கரப்பான் தாங்கும். மாவுல விழற வண்டு அதையும் தாண்டித் தாங்கும். சில குளவிகள் இருக்கு, கண்ணுக்குச் சட்டுன்னு தெரியாத அளவு சின்னது, அதெல்லாம் நாம நினைச்சுப் பார்க்க முடியாத அளவு தாங்கும். ஏன் டீச்சர்? இந்த "ஏன் டீச்சர்"தான் அவளுக்குப் பிடித்த இடம். கரும்பலகையில் ஒரு வட்டம் போடுவாள், வட்டத்தை இரண்டாகப் பிரிப்பாள், இரண்டை நாலாக. செல் பிரியறப்போதான் அது பலவீனமா இருக்கும், கதிர் அந்த நேரம் பார்த்து அடிச்சா செத்துரும். நம்ம உடம்புல ரத்தம், குடல், முடி வேர் எல்லாம் நாள் பூரா பிரிஞ்சுகிட்டே இருக்கு. பூச்சிக்கு அப்படி இல்ல, தோலுரிக்கிற சமயத்துலதான் அது வளரும், வளர்ந்து முடிச்சதுக்கு அப்புறம் அதோட உடம்பு பெரும்பாலும் சும்மா இருக்கும். வளர்ந்து முடிச்சிருச்சு, அதனால தப்பிச்சுருச்சு. எத்தனை வருஷம் எவ்வளவு குஷியாகச் சொல்லியிருக்கிறாள் இதை. வளர்ந்து முடித்தது தப்பிக்கும், வளர்கிறது மாட்டிக்கொள்ளும். பரீட்சையில் கேட்டால் ரெண்டு மார்க்.

வதனிக்குப் பதினோரு வயசு. ஆறாம் வகுப்பு. பின்மண்டையில் இருந்த கட்டியைச் சித்திரையில் எடுத்தார்கள். எடுத்தது போக ஒட்டிக்கொண்டிருப்பது முதுகுத்தண்டு வழியாக இறங்கிவிடாமல் இருக்க, தலைக்கும் முதுகு பூராவுக்கும் கதிர், சனி ஞாயிறு நீங்கலாகத் தினமும். முதுகு பூராவுக்கும். அந்த வார்த்தையில்தான் டாக்டரம்மா கொஞ்சம் நிறுத்தினார். அந்த அறையில் செண்பகவல்லியும் அவள் புருஷன் அய்யாத்துரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தீப்பெட்டி லோடு ஏற்றி நாக்பூர் வரைக்கும் லாரி ஓட்டுகிற மனுஷன், அன்றைக்கு என்று சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். டீச்சர்தானே என்று டாக்டரம்மா பாதிக்குமேல் இங்கிலீஷில் சொன்னார். எலும்பு நீளுகிற வளர்ச்சித் தட்டு, முதுகெலும்பு, ஹார்மோன், ஞாபகம், படிப்பு கொஞ்சம் மந்தமாகலாம், பிற்பாடு மாதவிடாய் விஷயத்தில் பார்க்க வேண்டியிருக்கும், ஆனால் இது இல்லாமல் முடியாது, இது கொடுத்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறது. அய்யாத்துரை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து படியிறங்கும்போது அவள் தோளைத் தொட்டு, "நல்ல வாய்ப்பு இருக்குன்னு சொல்லிட்டாங்கல்ல, பிறகென்ன" என்றார். அந்த ஒன்று மட்டும்தான் அவருக்கு விளங்கியிருந்தது. அவர் முகத்தில் அத்தனை நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது, அதைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தை எப்படிச் சொல்வது? அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். எல்லாமே அப்புறம். எல்லாருக்கும் அப்புறம். அவள் வாயில் அந்த வார்த்தை குடியிருக்க வந்துவிட்டது.

"பிள்ளைய உள்ள விட்டாச்சா டீச்சரு?" என்று பெஞ்சின் மறு கோடியில் ஒச்சம்மா வந்து உட்கார்ந்தாள். உசிலம்பட்டிப் பக்கம். புருஷனுக்கு நாக்கில் கட்டி, புகையிலையால். வதனிக்கு அடுத்து அவர் முறை, அவர் தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார், இரண்டு பெண்களும் தினமும் இந்த பெஞ்சில் சந்தித்துக்கொள்வார்கள். விட்டாச்சு என்றாள் செண்பகவல்லி. "இன்னைக்கு அழுகல?" "அவ அழுறதே இல்லக்கா." "அதேன் பாக்குறேன். எங்காளு அம்புட்டு மீசைய வச்சுக்கிட்டு மாடு மாதிரி கத்துறாரு. ஒம் பிள்ளை கலெக்டரு மாதிரி நடந்து போகுது." செண்பகவல்லி சிரித்தாள். கலெக்டர் மாதிரிதான், ஆனால் ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த நடையில் ஒரு சின்னச் சாய்வு இருக்கிறது, ஒச்சம்மாவுக்குத் தெரியாது, அதற்கு முன்னால் அவள் நடந்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அப்போதுதான் எதிர்ச்சுவரோரம் தண்ணீர்க் குழாய்க்கடியில் இருந்து ஒன்று வெளியே வந்தது. கரப்பான், பெரியது, செம்பழுப்பு, மீசையை இங்கும் அங்கும் வீசி வாசனை பார்த்தது. கீழ்த்தளம், எந்நேரமும் ஈரம், வராமல் என்ன செய்யும். "இந்தா வந்துருச்சுல" என்று ஒச்சம்மா காலிலிருந்து செருப்பைக் கழற்றினாள். "அணுகுண்டு போட்டாலும் இதுக மட்டும் சாகாதாம்ல டீச்சரு. டிவில சொன்னாய்ங்க. நாமெல்லாம் போனதுக்கப்புறம் இதுகதேன் இருந்து ஆளுமாம்." செண்பகவல்லி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் செருப்பு விழுந்தது. ஒரே அடி. வெள்ளையாகக் கொஞ்சம் பிதுங்கியது, ஒரு கால் மட்டும் ஆடிவிட்டு நின்றது. ஒச்சம்மா அதைக் காகிதத்தில் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். "நல்லா ஆளும்" என்றாள்.

அந்த அடி விழுந்தபோது தனக்குள் என்ன நடந்தது என்று செண்பகவல்லி திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தாள், பல் விழுந்த இடத்தை நாக்கு தொட்டுப் பார்ப்பதைப் போல. சந்தோஷம்தான் வந்தது. வேண்டும் உனக்கு என்று வந்தது. இத்தனை வயசுக்கு ஒரு பூச்சியின் மேல் பொறாமை. அந்தக் கதவுக்குப் பின்னால் என் பிள்ளை இருக்கிற அறையிலேயே உன் ஜாதியில் ஒன்று சும்மா கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது, சிதறி வருகிற கதிர் மட்டும்தான் அதன்மேல் படும், நேராகவே அதன்மேல் திருப்பினாலும் ஆகாது, சாயங்காலம் இறங்கி வந்து எங்கேயாவது எச்சில் தின்னும். வேண்டும் உனக்கு. சந்தோஷத்துக்குப் பின்னாலேயே கூச்சம் வந்தது. வதனி இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? எல்லாரும் ஓடிப் போன அறையில் தன்னோடு கூட இருக்கிறது என்று எண்ணி, அது செத்துவிடுமோ என்று கவலைப்பட்ட பிள்ளை. பிள்ளை அதை நினைத்துக் கவலைப்படுகிறாள், அம்மா இங்கே செருப்படியைப் பார்த்துக் குளிர்கிறாள். தான் எப்போது இப்படி ஆனோம் என்று செண்பகவல்லிக்குத் தெரியவில்லை.

எல்லாப் பூச்சிக்கும் ஒன்றும் ஆகாது என்பதும் இல்லை. அதை அவள் வகுப்பில் சொல்வதில்லை, நேரம் இருக்காது. பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. படித்த காலத்தில் பேராசிரியர் ஒருவர் கதிர் பட்ட பயறு வண்டுகளைச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் கொண்டுவந்திருந்தார். வண்டுகள் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தன, ஒன்றுமே நடக்காததைப் போல. அவை இட்ட முட்டைகளைப் பாருங்கள் என்றார். பயறின்மேல் வெள்ளைப் புள்ளி புள்ளியாக முட்டைகள், எதுவும் பொரிக்கவில்லை. இன்னொரு குப்பியில் புழுக்கள். அதே கதிர்தான், வண்டுக்குக் கொடுத்ததைவிடக் குறைவுதான், ஆனால் புழு வளர்கிற பருவம். நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்த்தாள். ஒரு புழு பழைய தோலிலிருந்து பாதி வெளியே வந்து அப்படியே நின்றிருந்தது. தலை புதுசு, வால் பழசு. வெளியே வரவும் முடியவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை. அன்றைக்கு அதைப் படம் வரைந்து, பெயர் குறித்து, மதியம் நன்றாகச் சாப்பிட்டாள். இப்போது அந்தப் புழு கண்ணுக்குள் வந்து நிற்கிறது. முட்டைகள் வந்து நிற்கின்றன. பிற்பாடு பார்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னது இதைத்தான், இதைத்தான், வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், பதினோரு வயசுப் பிள்ளை, இன்னும் பெரியவளாகக்கூட ஆகவில்லை, அதற்குள் என்ன முட்டை, என்ன பொரிப்பு. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்றைக்கு ஏன் இவ்வளவு நேரம்? நேற்றும் இவ்வளவு நேரம்தானா? ரூபன் தம்பியின் அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது, சின்ன டிவியில் கறுப்பு வெள்ளையாக ஒரு கட்டில், கட்டிலில் ஒரு சின்ன நீளம். அசையவில்லை. அசையக் கூடாதுதான். அசையாமல் இருப்பதுதான் நல்லது என்று பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். இருந்தாலும் கொஞ்சம் அசைந்தால் தேவலை என்றிருந்தது.

போன வருஷம் முழுக்க வதனியின் வளர்த்தியைத்தான் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். இதென்ன பிள்ளையா வெண்டைச் செடியா, ராத்திரிக்கு ராத்திரி வளருதே, போன பொங்கலுக்கு எடுத்த செருப்பு அதற்குள் பத்தலையா, உன் கால் நீளத்துக்கு உங்க அப்பா இன்னொரு லாரிதான் ஓட்டணும். அய்யாத்துரை சிரிப்பார், வளரட்டும், என் வம்சம், கிளீனர் சீட்டில் உட்கார்ந்தா கால் எட்டணும்ல என்பார். அவருக்கு அவள் லாரியில் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும், அவளுக்கும் அதுதான். போகிற வழி அத்தனையும் வதனிக்கு மனப்பாடம். திண்டுக்கல், கரூர், சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூர், அனந்தப்பூர், கர்னூல், ஐதராபாத், நிர்மல், ஆதிலாபாத், நாக்பூர், ஒரே மூச்சில் சொல்வாள். அப்பா போன் பண்ணி எந்த ஊரில் நிற்கிறேன் என்று சொன்னால் அடுத்த ஊரை இவள் சொல்ல வேண்டும், அதுதான் அவர்கள் விளையாட்டு. போன வாரம் அவர் கர்னூல் என்றதும் நின்றுவிட்டாள். நின்று, செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்தாள். போனில் அய்யாத்துரை காத்திருந்தார். செண்பகவல்லிக்கு ஐதராபாத் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை, வதனி அவளாகவே தேடிப் பிடித்துச் சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரம் ஆனது, சொல்லிவிட்டாள். களைப்பு என்று அய்யாத்துரை சொன்னார். களைப்புத்தான் என்று இவளும் சொன்னாள். பூச்சிக்கு மூளை வளர்ந்து முடிந்தது. பூச்சி எதையும் மறக்காது. பூச்சிக்கு மறக்க என்ன இருக்கிறது? எங்கே சுற்றினாலும் மனசு அங்கேயே வந்து முட்டியது. ஏன் சாகாது என்று கேட்டால், வளரவில்லை, அதனால் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் வதனி ஒரு நிமிஷத்தில் அடுத்ததைக் கேட்டுவிடுவாள். வேறு ஏதாவது சொல்லலாமா? பூச்சிக்கு ஓடு இருக்கு, தடிமனான ஓடு, அதனால என்று சொல்லலாமா? சின்னப் பிள்ளை, நம்பிவிடும். டீச்சர் சொன்னால் நம்பிவிடும். நாளைக்கு அந்த முகமூடிக்குள் படுத்துக்கொண்டு, எனக்கும் ஓடு இருந்திருந்தால் என்று கூரையைப் பார்த்து நினைத்துக்கொண்டிருக்கும்.

விளக்கு அணைந்தது. கதவு சத்தமில்லாமல் நகர்ந்தது. ரூபன் தம்பி உள்ளே போனான், கொஞ்சம் கழித்து வதனி அவன் கையைப் பிடிக்காமல் தனியாக வந்தாள், முகமெல்லாம் வலையின் கட்டம் கட்டமான தடம். "அடுத்தது நீங்க தாத்தா" என்று ஒச்சம்மாவின் புருஷனைப் பார்த்துச் சொன்னாள். அந்த மீசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு எழுந்தார். மேலே ஏறி வந்து வளாகத்தில் புங்கை மரத்தடியில் உட்கார்ந்தார்கள். குமட்டல் அடங்குகிற வரைக்கும் தினமும் அங்கேதான். செண்பகவல்லி பாலிதீன் பையைப் பிரித்துக் கையில் வைத்திருந்தாள். வதனி ஒருமுறை குனிந்தாள், ஒன்றும் வரவில்லை, நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கும் இருந்துச்சும்மா. சாகல. ஏன்னு சொல்றேன்னியே."

ஓடு என்ற வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது. செண்பகவல்லி பிள்ளையின் கன்னத்துக் கட்டங்களைப் பார்த்தாள். "இந்தக் கதிர் இருக்குல்ல, அது உடம்புல எது வளருதோ அதைத்தான் அடிக்கும். பூச்சி வளர்ந்து முடிச்சிருச்சு. அதான் அதுக்கு ஒண்ணும் ஆகல."

வதனி யோசித்தாள். "என் தலையில இருக்கிறது வளருது. அதான் அதை அடிக்குது."

"ஆமா."

"நானும் வளர்றேன்லம்மா?"

செண்பகவல்லி பாலிதீன் பையை மடித்துப் பக்கத்தில் வைத்தாள். "ஆமா தங்கம்" என்றாள்.

"அப்போ என்னையும் அடிக்கும்."

"கொஞ்சம் அடிக்கும். முதுகு முன்ன மாதிரி வளராது. நீ என் உயரத்துக்கு வர மாட்டே. படிக்கிறது மண்டையில ஏற முன்னைவிட நேரமாகும். அதுக்கு ஊசி, மருந்து எல்லாம் இருக்கு, பார்ப்பாங்க. ஆனாலும் கொஞ்சம் குட்டையாத்தான் இருப்பே."

வதனி காலை நீட்டி, தரையில் படுகிற தன் பாதத்தைப் பார்த்தாள். அழவில்லை. பிறகு கேட்டாள்.

"ஆனா இருப்பேன்ல?"

செண்பகவல்லி அவள் பக்கம் திரும்பினாள். நிச்சயமா என்று சொல்லலாம். சொன்னால் அதுவும் பூச்சிக்கு ஓடு இருக்கு என்கிற பொய்யைப் போலத்தான். "இருக்கணும்னுதான் தினமும் இங்க வர்றோம்" என்றாள். "எனக்கும் தெரியாது வதனி. நல்ல வாய்ப்பு இருக்குன்னு டாக்டரம்மா சொல்றாங்க. நான் அதை நம்புறேன்." வதனி நகர்ந்து வந்து அவள் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். அந்தத் தலையின் சூடு சேலை வழியாகத் தொடையில் இறங்கியது. முடி உதிர்ந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு செண்பகவல்லி அப்போதுதான் அழுதாள், தினமும் அழுததைப் போல பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு இல்லை, பிள்ளை பார்க்கவே, மூக்கை உறிஞ்சி அழுதாள். வதனி தடுக்கவில்லை. சும்மா அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. அய்யாத்துரைதான், கதிர் முடிகிற நேரம் அவருக்குத் தெரியும். வதனி படுத்தபடியே திரையைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமாம்மா?"

"தெரியாது. நான்தான் சொல்லல."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. வதனி எழுந்து உட்கார்ந்து, அம்மாவின் கையிலிருந்து அதை எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் எஞ்சின் இரைச்சலும் காற்றும், அதற்கு மேலே அவர் குரலும் செண்பகவல்லிக்கும் கேட்டன.

"முடிஞ்சதுப்பா" என்றாள் வதனி. "வாந்தி எடுக்கல. ம். சாப்பிடுவேன்." பிறகு அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். லாரிய ஓரமா நிறுத்துங்க."